சனிக்கிழமைக்குள் தெளிய வேண்டும்

ஜூலை 13, சனி

மிருதுளா வந்து போனாள். மாதத்தில் இரண்டாவது சனியும் நான்காவது சனியும் என் முறை. காலையில் மங்கை கொண்டுவந்து விடுவாள், மாலை ஐந்து மணிக்கு வந்து அழைத்துக்கொண்டு போவாள். விவாகரத்து ஆனதிலிருந்து இப்படித்தான்.

சாப்பிட்டு முடித்ததும் குழந்தை கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன்.

"இங்க ஒரு மீன் தொட்டி இருந்தா நல்லா இருக்கும்லப்பா? சஹானா வீட்ல இருக்கு. அவங்க வீட்ல எல்லாரும் அதுக்கு முன்னாடியே உக்காந்திருப்பாங்க."

ஒன்பது வயதாகிறது, என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்கிற பெண் இல்லை. முறுக்கு தின்றால்கூட இடது கையைக் கீழே ஏந்திக்கொண்டு, துகள் தரையில் விழாமல் தின்பாள். நான் சொல்லிக் கொடுத்ததை மறக்கவில்லை. அப்படிப்பட்ட குழந்தை கேட்கிறது என்றால் வாங்கத்தான் வேண்டும்.

மாலையில் மங்கை ஸ்கூட்டியை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறதாம். ஆகஸ்டில் போய்ச் சேர வேண்டுமாம்.

"மிருது?" என்றேன்.

"அதைத்தான் பேசணும். கூட்டிட்டுப் போறதாத்தான் இருக்கேன். ஆனா முதல் வருஷம் எனக்கும் ஷிஃப்ட் டூட்டி, தெரியாத ஊரு. அவ உங்களோட இருக்கேன்னு சொன்னா நான் தடுக்க மாட்டேன். அடுத்த தடவை வரும்போது நீங்களே கேளுங்க. ஒண்ணே ஒண்ணு, அவளா சொல்லணும். நீங்க சொல்ல வைக்கக் கூடாது."

நான் யாரையும் எதையும் சொல்ல வைத்ததில்லை என்றேன். மங்கை லேசாகச் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

அடுத்த தடவை என்பது இருபத்தேழாம் தேதி.

ஜூலை 14, ஞாயிறு

காலையிலேயே கொளத்தூர் போய்விட்டேன். தெரு முழுக்க வண்ண மீன் கடைகள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நகர முடியாத கூட்டம். அப்பாக்கள் எல்லாரும் ஆளுக்கொரு குழந்தையைக் கையில் பிடித்திருந்தார்கள். நான் மட்டும் அளவு டேப்போடு போயிருந்தேன்.

இரண்டடித் தொட்டி, அடியில் போடக் கூழாங்கல், ஃபில்டர், நாலு பிளாஸ்டிக் செடி எல்லாம் எடுத்தாயிற்று. கடைக்காரர் டேவிட் கலகலப்பான ஆள்.

"சார், இன்னிக்குத் தொட்டிய செட் பண்ணிடுங்க. தண்ணி ஊத்தி ஃபில்டர ஓட விடுங்க. மீனு ரெண்டு மூணு வாரம் கழிச்சு வந்து வாங்கிக்கங்க."

அவ்வளவு நாள் இல்லை என்றேன்.

"அவசரம்னா கொஞ்சமா உடுங்க. ஆனா தண்ணி கலங்கும் சார். பயந்துறாதீங்க. புதுத் தொட்டின்னா கலங்கத்தான் செய்யும், அதுவா தெளிஞ்சிடும்."

"நல்லாக் கழுவிட்டா ஏன் கலங்குது?"

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, "கழுவுங்க சார்" என்றார்.

மீனும் அப்போதே வாங்கிவிட்டேன். கருப்பு மோலி இரண்டு, ஆரஞ்சு மோலி இரண்டு, கப்பி ஒரு கவர் நிறைய. ஆட்டோவில் வரும்போது கவரை மடியில் வைத்துக்கொண்டேன். என்ன சொல்ல, சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 15, திங்கள்

தொட்டி கூடத்துச் சுவரோரம் நிற்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்தே மேஜையை நிறுத்தினேன். கல்லை வெள்ளைப் பொடி போகும்வரை அலசினேன். கழுவிய தண்ணீர் குடிக்கலாம் போலிருந்தது. தொட்டித் தண்ணீர் பளிங்காக இருக்கிறது. டேவிட்டுக்குத் தெரியவில்லை, நான் பன்னிரண்டு வருஷமாகத் தரப் பரிசோதனையில் இருப்பவன் என்று. அம்பத்தூரில் எங்கள் கம்பெனியில் செய்கிற கார் முன்விளக்குக் கண்ணாடி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒரு கீறல் இருந்தாலும் ஒதுக்கிப் போடுகிறவன் நான்.

ஜூலை 16, செவ்வாய்

கலங்கிவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. பின்பக்கத்துச் செடி தெரியவில்லை.

வேலை முடிந்து வந்ததும் மீன்களை வாளியில் விட்டு, தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினேன். ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சில் ஏதோ வழவழப்பு. குழாயைத் திறந்து, பிரஷ் போட்டுத் தேய்த்துப் புதிது போல ஆக்கினேன். கல்லையும் மறுபடி அலசினேன். புதுத் தண்ணீர் விட்டேன்.

இப்போது பார்க்க ஒழுங்காக இருக்கிறது.

ஜூலை 17, புதன்

புதன்கிழமை மாலையில் மிருதுளா வீடியோ கால் பேசுவாள். தொட்டி தெரிந்துவிடக் கூடாது என்று சமையலறையில் நின்று பேசினேன். இருபத்தேழாம் தேதி பார்த்து அசந்துபோகட்டும்.

"அது என்னப்பா சத்தம்? தண்ணி ஊத்தற மாதிரி."

"குழாய்ம்மா."

"நீங்க குழாயத் தொறந்து விட மாட்டீங்களே."

கெட்டிக்காரி.

ஜூலை 18, வியாழன்

மறுபடி கலங்கல், முன்னைவிட அதிகம். மறுபடி எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினேன்.

மாடியிலிருந்து பங்கஜவல்லியம்மா இறங்கி வந்தார். வீட்டுச் சொந்தக்காரர். வாசலில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"தம்பி, வில்லிவாக்கமே லாரிக்குக் குடத்த வச்சிட்டு நிக்குது. நீங்க என்னடான்னா தெருவுக்கு அபிஷேகம் பண்றீங்க."

மன்னிப்புக் கேட்டேன். உள்ளே வந்து தொட்டியைப் பார்த்தார். மோட்டார் போட்டதைக் கணக்குப் பார்க்க வந்தவர், மீனைப் பார்த்ததும் சாந்தமாகிவிட்டார்.

"பாப்பாவுக்கா?"

"ஆமாம்மா. அடுத்த சனிக்கிழமைக்குள்ள தெளியணும்."

"இதுக்கு எதுக்கு இவ்ளோ பாடு? நாட்டு மருந்துக் கடையில தேத்தாங்கொட்ட கேளுங்க. பானையில உரசி விட்டா எப்பேர்ப்பட்ட செம்மண் தண்ணியும் தெளியும். கெணத்துத் தண்ணிக்கு எங்கம்மா அதான் போடுவாங்க."

ஜூலை 19, வெள்ளி

டேவிட்டுக்குப் போன் செய்தேன்.

"முழுசா மாத்துனீங்களா? ஐயோ சார். அப்படி மாத்தினா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க அது, நல்லதுதான். மீனோட கழிவெல்லாம் அதுங்கதான் திங்கும். கல்லுலயும் பஞ்சுலயும் பத்தி ஒக்காந்துச்சுன்னா தண்ணி தானா தெளிஞ்சிரும். நீங்க தெனம் அதத் தேச்சுக் கழுவுறீங்க. சும்மா உடுங்க சார்."

"எவ்வளவு நாள் சும்மா விடணும்?"

"அதச் சொல்ல முடியாது. சும்மா உடறதுன்னா சும்மா உடறதுதான்."

சும்மா விடச் சொன்ன அதே வாயால், தண்ணீரைத் தெளிய வைக்கிற நீல மருந்து ஒரு பாட்டில் இருக்கிறது, வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். வாங்கிவந்து ஊற்றினேன். சும்மா இருந்து சரியான விஷயம் எதையும் நான் பார்த்ததில்லை.

குடும்பநல கோர்ட்டில் கவுன்சலிங் அம்மாளிடம் மங்கை சொன்னது நினைவுக்கு வந்தது. "இவர் நல்லவர்தான் மேடம். கெட்ட பழக்கம் எதுவும் இல்ல. ஆனா வீட்ல மூச்சு விட எடமில்ல." இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த வீடு அது. அதை அப்போதே சொன்னேன். அந்த அம்மாள் எழுதிக்கொள்ளவில்லை.

ஜூலை 20, சனி

ஆரஞ்சு மோலிகள் இரண்டும் செத்து மிதந்தன. கப்பிகளிலும் சில போய்விட்டன. என் முறை இல்லாத சனிக்கிழமை எப்போதுமே நீளமானது. இன்று இன்னும் நீளம்.

செடித் தொட்டியில் புதைக்கும்போது பங்கஜவல்லியம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வருத்தப்படாதீங்க தம்பி. மீன் செத்தா நல்லதுதான். வீட்டுக்கு வர இருந்த கண்டத்த அது வாங்கிட்டுப் போயிடுச்சு. நடக்க இருந்த கெட்டது நடக்காது, பாருங்க."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

சாயங்காலம் வேறு ஒரு விஷயமாக மங்கைக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்குவது பற்றி. பேச்சோடு பேச்சாக விசா என்ன ஆயிற்று என்று கேட்டேன். சில பேருக்குக் கடைசி நேரத்தில் மறுத்துவிடுகிறார்களாமே என்றேன்.

"ரெண்டு பேருக்கும் வந்துடுச்சு, காலைலதான். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

ஜூலை 21, ஞாயிறு

தேத்தாங்கொட்டை வாங்கிவந்தேன். சின்னக் காசு மாதிரி வட்டமான கொட்டை. அம்மியில்லாததால் தட்டின் பின்பக்கம் உரசி, பாலாக வந்ததைத் தொட்டியில் கலந்தேன். மதியம் பார்த்தால் கொஞ்சம் படிந்து அடங்கியிருந்தது. உள்ளுக்குள் ஒரு துள்ளல். பங்கஜவல்லியம்மாவுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, அவர் கொடுத்த கேசரியையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 22, திங்கள்

இப்போது கலங்கலும் இருக்கிறது, பழுப்பும் இருக்கிறது. முழுவதும் மாற்றினேன்.

ஜூலை 23, செவ்வாய்

அதே. கம்பெனியில் இன்று ஒரு பெட்டி முழுக்க ஒதுக்கிவிட்டேன். சூப்பர்வைசர் கூப்பிட்டு, "குணசீலன், இதுல என்ன குறை இருக்கு?" என்றார். உற்றுப் பார்த்தேன். எதிலும் இல்லை.

ஜூலை 24, புதன்

மிருதுளா பேசினாள். குளிருக்கு ஜாக்கெட் வாங்கப் போனார்களாம். மஞ்சள் நிறமாம், உள்ளே பஞ்சு வைத்ததாம். போட்டுக்கொண்டே பேசினாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"மஞ்சள் சீக்கிரம் அழுக்காயிடுமேம்மா" என்றேன்.

"ம். அம்மா பரவால்லன்னாங்க."

அப்புறம் அவளே குரலைத் தாழ்த்தி, "அப்பா, சனிக்கிழமை எனக்கு ஏதோ வச்சிருக்கீங்கல்ல?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"நீங்க சமையல்ரூம்லயே நின்னு பேசறீங்க. கூடத்துல ஏதோ இருக்கு."

அவள் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. அவள் இங்கே இருந்துவிட்டால் எந்த அறையைக் கொடுப்பது என்று யோசித்தேன். ஜன்னலுள்ள அறையைக் கொடுத்துவிட்டு நான் கூடத்தில் படுத்துக்கொள்வேன். வெள்ளை பெயிண்ட் அடிக்க வேண்டும்.

ஜூலை 26, வெள்ளி

லீவு போட்டேன். தண்ணீர் இன்னும் மோர் மாதிரிதான் இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு வருவாள்.

சமையலறையில் நின்று யோசித்தபோது குடிக்கிற கேன் கண்ணில் பட்டது. அடடா என்று ஆகிவிட்டது. இத்தனை நாள் மெட்ரோ தண்ணீரையும் போர் தண்ணீரையும் கட்டி அழுதிருக்கிறேன். சுத்தம் செய்த தண்ணீர் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. கேன் போடுகிறவருக்குப் போன் செய்து தொட்டி கொள்ளும் அளவுக்கு வரவழைத்தேன். "வீட்ல விசேஷமா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

தொட்டியைக் காலி செய்து, கல், பஞ்சு, செடி எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் அலசி, ஒரு பொட்டு வழவழப்பில்லாமல் துடைத்து, கேன் தண்ணீரை நிரப்பினேன். மீன்களை விட்டேன்.

இப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, மீன்கள் காற்றில் நிற்பது போலிருக்கின்றன. சாய்ந்து பார்த்தேன், எதிரில் நின்று பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. மீன்கள் கொஞ்சம் அசையாமல் இருக்கின்றன. புது இடம் என்று நினைக்கின்றன போல.

ஜூலை 27, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் எழுந்தபோது கப்பிகள் எல்லாம் கல்மேல் கிடந்தன. கருப்பு மோலியில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, குளித்துவிட்டு வருவதற்குள் அதுவும் அடங்கிவிட்டது. மற்றொரு கருப்பு மோலி மட்டும் ஃபில்டர் பக்கம் ஒதுங்கி நின்றது. கொளத்தூர் போய்வர நேரமில்லை. செத்தவற்றை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

பத்து மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, கூடத்தில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா!"

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் எத்தனை கேன் வேண்டுமானாலும் ஊற்றலாம்.

"மத்த மீனெல்லாம் எங்கப்பா?"

"ஒண்ணுதான் வாங்கினேன்."

"ஒண்ணே ஒண்ணா? பாவம்பா." கொஞ்சம் யோசித்து, "தொடலாமா? கண்ணாடிய?" என்றாள்.

"மெதுவா."

இரண்டு கையையும் விரித்துக் கண்ணாடியில் வைத்து, மூக்கையும் அழுத்திக்கொண்டு நின்றாள். மூச்சு பட்டு ஒரு வட்டம் பனித்தது. மோலி ஒதுங்கியிருந்த இடத்திலிருந்து மெதுவாக வந்து அவள் விரலுக்கு நேராக நின்றது. அவள் விரலை நகர்த்தினால் அதுவும் நகர்ந்தது. சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை எடுத்த இடங்களை அவ்வப்போது துணியால் துடைத்துவிட்டேன், அவளுக்கு மீன் நன்றாகத் தெரிய வேண்டுமே.

அதற்குக் கரிச்சான் என்று பெயர் வைத்தாள். சாப்பிட்டாள். சாம்பார் சாதத்தைக் கொஞ்சம் சிந்திவிட்டாள், சிந்தியதை நான் பார்ப்பதற்குள் அவளே விரலால் எடுத்துத் தட்டில் போட்டுவிட்டாள். முடி கண்ணில் விழுந்துகொண்டிருந்தது, கிளிப்பை நேராகக் குத்திவிட்டேன். இன்றைக்கு எதற்கும் நான் குரலை உயர்த்தவில்லை. எதற்கும்.

மூன்று மணி இருக்கும். "நான் சாப்பாடு போடவாப்பா?" என்றாள். மீன் தீனி டப்பாவைக் கொடுத்தேன். இரண்டு விரலில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று காட்டினேன். டப்பா கை தவறித் தலைகீழாகத் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. தீனி முழுவதும் சிவப்பும் பச்சையுமாகத் தண்ணீர்மேல் பரவிற்று.

மிருதுளா தண்ணீரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

நான் திட்டவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலையை எடுத்து அள்ளினேன். தீனி ஊறி அடியில் இறங்குவதற்குள் அள்ள வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் கெட்டுவிடும், அது யாருக்கும் தெரியும். அள்ளி, வலையை அலசி, மறுபடி அள்ளி, குழாய் வைத்து அடிக் கல்லில் படிந்ததை உறிஞ்சி எடுத்து, கண்ணாடியில் தெறித்ததைத் துடைத்து முடித்துத் திரும்பினேன்.

கூடத்தில் அவள் இல்லை. வாசல் படியில் செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வாம்மா. அம்மா வர இன்னும் நேரமிருக்கு."

"பரவால்லப்பா, இங்கயே இருக்கேன். நீங்க க்ளீன் பண்ணுங்க."

"முடிஞ்சிடுச்சு."

"சாரிப்பா."

"அப்பா திட்டலையே."

"திட்டல" என்று ஒப்புக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"நீங்க கேப்பீங்கன்னு அம்மா சொன்னாங்க."

"என்ன சொல்லச் சொன்னா?"

"ஒண்ணும் சொல்லச் சொல்லல. உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுன்னாங்க."

"என்ன தோணுது மிருது?"

செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் அம்மாகூடப் போறேன்பா." பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிறவள் போல, "நான் இங்க இருந்தா உங்களுக்குத்தான் கஷ்டம். எல்லாத்தையும் கொட்டிடுவேன்" என்றாள்.

"கொட்டினா என்னம்மா? தொடச்சுக்கலாம்."

"அதான்பா" என்றாள்.

எதற்கு அப்படிச் சொன்னாள் என்று புரியவில்லை. ஐந்து மணிவரை அந்தப் படியிலேயே இருந்தோம். மங்கை வந்தாள். குழந்தையின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வண்டியில் ஏறியபின் மிருதுளா, "கரிச்சானப் பாத்துக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே வந்தேன். கண்ணாடியில் இன்னும் அங்கங்கே விரல் ரேகைகள். வேறென்ன செய்வது என்று தெரியாமல் துணியை எடுத்துத் துடைத்தேன். மூலைவரை துடைத்தேன். அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 29, திங்கள்

கலங்கிவிட்டது. தீனி எங்கோ கல்லுக்கடியில் தங்கியிருக்க வேண்டும். மாற்றவில்லை.

ஜூலை 31, புதன்

கரிச்சான் எப்படியிருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். காட்டச் சொன்னாள். அப்பா ஆபீசில் இருக்கிறேன் என்று பொய் சொன்னேன். உண்மையில் தொட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மீன் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்குக் கலங்கல்.

ஆகஸ்ட் 3, சனி

பங்கஜவல்லியம்மா வந்து பார்த்தார். "என்ன தம்பி, தண்ணிய மாத்தலையா? இப்படி உட்டு வச்சிருக்கீங்க. மோட்டார் போட்டு விடவா?" என்றார். வேண்டாம் என்றேன். மோட்டார் விஷயத்தில் அவரே வலிய வந்து கேட்டது இதுதான் முதல் தடவை. என் முகம் எப்படி இருந்ததோ.

கொஞ்சம் நின்றுவிட்டு, "பாப்பா போகுதா?" என்றார். தலையாட்டினேன். அப்புறம் ரசம் கொடுத்தனுப்பினார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாற்றவில்லை. கை வரவில்லை. காலையில் இரண்டு விரலில் தீனி போடுகிறேன். கலங்கலுக்குள்ளிருந்து ஒரு கருப்பு வாய் மேலே வந்து எடுத்துக்கொண்டு போகிறது. அதோடு எங்கள் பேச்சுவார்த்தை முடிந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விமான நிலையம் போயிருந்தேன். மங்கை பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மிருதுளா அந்த மஞ்சள் ஜாக்கெட்டை இங்கேயே போட்டுக்கொண்டு நின்றாள். ஜிப் பாதிதான் ஏறியிருந்தது, ஒரு பக்கக் காலர் உள்ளே மடங்கியிருந்தது. என் கை போயிற்று. பாதியில் எடுத்துப் பையில் விட்டுக்கொண்டேன்.

அவள் என் கை வருமென்று கழுத்தை உயர்த்திக்கொண்டு காத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு அவளே காலரை எடுத்துவிட்டுக்கொண்டாள், இன்னும் கோணலாக. அழகாக இருந்தது.

"அப்பா, நாளைக்கு ரெண்டாவது சனிக்கிழமை. உங்க முறை."

"ஆமாம்மா."

"அடுத்த வருஷம் லீவுக்கு வரும்போது எல்லா சனிக்கிழமையும் சேத்து வச்சு உங்ககூட இருக்கேன்" என்றாள். கட்டிக்கொண்டாள். மங்கை, "உடம்பப் பாத்துக்கோங்க" என்றாள். நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் கொஞ்ச நேரம் தெரிந்தது.

ஆகஸ்ட் 10, சனி

பத்து மணிக்கு வாசலுக்குப் போய் நின்றுவிட்டேன். பழக்கம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பின்பக்கத்துச் செடி லேசாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 14, புதன்

தெளிந்துவிட்டது.

காலையில் கவனிக்கவில்லை. வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டால், கல், செடி, ஃபில்டர் குழாய் எல்லாம் துல்லியமாகத் தெரிகின்றன. கேன் தண்ணீர்த் தெளிவு இல்லை இது. ஏதோ உயிருள்ள தண்ணீர் மாதிரி, கொஞ்சம் கனமாக இருக்கிறது. கல்மேல் லேசாகப் பச்சை பிடித்திருக்கிறது. கரிச்சான் அதை மேய்ந்துகொண்டு நடுவில் திரிகிறது.

எட்டு மணிக்கு மிருதுளா கூப்பிட்டாள். அங்கே பட்டப்பகல். அவள் பின்னால் ஒரு ஜன்னல், மழை. வாயோரம் ஏதோ ஜாம் ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை. போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன்.

"ஐயோ அப்பா! எவ்ளோ கிளியரா இருக்கு! கரிச்சான் குண்டாயிடுச்சு! என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா."

"பொய். நீங்க எதாவது பண்ணியிருப்பீங்க."

"நெஜமாத்தான். ஒண்ணுமே பண்ணல. சும்மா விட்டுட்டேன்."

போனை என் பக்கம் திருப்பினேன். குழந்தை திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாயோரத்து ஜாமோடு. பிறகு மங்கை சாப்பிடக் கூப்பிட்டாள், வைத்துவிட்டாள்.

பேசி முடித்தபின் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, தொட்டி விளக்கை மட்டும் எரியவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவள் இரண்டு கையையும் வைத்து மூக்கை அழுத்திக்கொண்டு நின்ற உயரம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் வெளிச்சம் படும்படி தலையைச் சாய்த்து, கம்பெனியில் பார்க்கிற மாதிரியே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், நாலு பக்கமும், மூலைகளையும் பார்த்தேன்.

ஒரு ரேகைகூட இல்லை. அவ்வளவு நன்றாகத் துடைத்திருக்கிறேன்.